லிஸ்பன் பயணத்துக்கு அளவெடுத்த கதை

தையற்கடை வைத்திருப்பவனுக்கு ஊராருடைய பிரயாணங்களெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஏனெனில் கப்பலுக்குச் சீட்டு வாங்குவதற்கு முன்னால் எல்லாரும் கால்சட்டைக்கு அளவு கொடுக்கத்தான் வருகிறார்கள்.

மலாக்கா நகரம், காஜா பெராங்கில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக ஊசியும் நூலுமாக வாழ்ந்துவரும், காலஞ்சென்ற முத்துக்கருப்பன் அவர்களின் ஏக புத்திரன் வேலாயுதம் ஆகிய நான், ஜாதகப்படி அறுபத்தொரு வயதும், அடையாளக் கார்டின்படி ஐம்பத்தொன்பது வயதும் நிரம்பியவன் என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் இடையே காணாமற்போன இரண்டு வருஷங்களுக்கு நான் பொறுப்பல்ல. பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. ஆங்கிலத்தைத் துணிக் கம்பெனிகளின் பட்டியல்களிலிருந்தும், சரித்திரத்தை இரவல் நூல்களிலிருந்தும் நானே கற்றுக்கொண்டேன். பிறர் பிரயாணத்துக்கே தைத்துத் தைத்து முதுகு வளைந்த சக தொழிலாளர்களே! நம்மில் ஒருவன் தன் பிரயாணத்துக்குத் தைக்கப் புகுந்தால் என்னென்ன பாடுபடுவான் என்பதை நீங்கள் அறிய வேண்டுமென்றே இதை எழுதத் துணிந்தேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருஷத்தின் தொடக்கத்தில், போர்ச்சுகீசியப் பாதிரியார் ஒருவருக்கு அங்கி தைத்துக் கொண்டுபோனேன். அவருடைய மேஜையில் லிஸ்பன் நகரத்துப் படம் ஒன்று இருந்தது. அகன்ற ஆறு, அதன் ஓரத்தில் வெள்ளைக் கல் கோபுரம். "உங்கள் ஊரைத் தேடி வந்த கப்பல்கள் இந்த ஆற்றிலிருந்துதான் புறப்பட்டன" என்றார். போர்ச்சுகீசியர் மலாக்காவில் கட்டிய கோட்டையின் இடிந்த வாசலை அன்றாடம் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் ஆயுள் முழுவதும் படித்தவனுக்கு முதற்பக்கம் இருக்குமிடம் தெரிந்தால் எப்படியிருக்கும்? அன்று நான் கடைக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தேன். என் பெண்கள் இருவரும் கணவன் வீட்டில் நலம். டுரியான் துங்காலில் இருந்த சிறு ரப்பர்த் தோட்டத்தை விற்றேன். சிங்கப்பூரிலிருந்து தீபாவளி கழிந்த பத்தாம் நாள் புறப்படும் கப்பல் ஒன்று லிஸ்பனைத் தொட்டுச் செல்லும் என்று விசாரித்து அறிந்தேன். அதை விட்டால் அடுத்த வருஷந்தான். அடுத்த வருஷம் என் கண்களும் முழங்கால்களும் என்ன சொல்லுமோ, யார் கண்டது? போனால் இந்தக் கப்பலில் போக வேண்டும். இல்லையேல் படத்தோடு நின்றுவிட வேண்டும்.

பிரயாணத்தின் நோக்கம்

ஜூலை மாதமே பாஸ்போர்ட்டு எடுத்திருக்கலாம். வெள்ளைக்காரர் நம்மைக் கண்டுபிடிக்கப் புறப்பட்ட ஊருக்கு வெள்ளைக்காரர் கொடுத்த தாளோடு போவதில்லை என்று பிடிவாதமாகக் காத்திருந்தேன். நம் கொடி ஏறிய மறு வாரமே, புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டையோடு பாஸ்போர்ட்டு ஆபீசில் போய் நின்றேன்.

மேஜைக்குப் பின்னால் இளைஞரான மலாய் அதிகாரி ஒருவர் இருந்தார். நான் மலாக்காவிலேயே பிறந்தவன் என்பதற்கான தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரயாணத்தின் நோக்கம் என்னவென்று கேட்டார். ஒரு மாதமாக மனத்துக்குள் கட்டி வைத்திருந்த வாக்கியத்தை மலாய் மொழியில் எடுத்துவிட்டேன்: "அவர்கள் நம்மைப் பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். நாம் ஒரு முறையாவது சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்து வருவதுதானே மரியாதை?" அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து நின்று, என் கையைப் பற்றிக் குலுக்கி, மாமா என்று பொருள்படும் மலாய்ச் சொல்லால் அழைத்துச் சொன்னார்: "பாக்சிக், அவர்கள் வந்து நூற்று முப்பது வருஷம் தங்கிவிட்டார்கள். நீங்கள் கொஞ்சம் சீக்கிரமாகத் திரும்பி வந்துவிடுங்கள்."

உஜோங் பாசிர் பாடசாலை

போகிற ஊரின் மொழி தெரியாமல் போவது, பொத்தான் இல்லாத சட்டையோடு கல்யாணத்துக்குப் போவதைப் போன்றது என்பது என் கருத்து. மலாக்காவில் அதற்குக் குறைவில்லை. உஜோங் பாசிரில் குடியிருக்கும் போர்ச்சுகீசிய வம்சத்து மீனவர்கள் தங்கள் முன்னோர் மொழியையே இன்றளவும் பேசுகிறார்கள். அவர்களில் மிங்கு என்ற முதியவர் என் வாடிக்கையாளர். அவருடைய கால்சட்டைகளுக்கு நான் ஒட்டுப் போட்டுத் தருவது, அவர் எனக்கு மொழி சொல்லித் தருவது என்று ஏற்பாடு.

ஞாயிறுதோறும், காய்கிற கூனி இறால் வாசனைக்கு நடுவே பாடம் நடக்கும். காலை வணக்கத்துக்கு "போங் பாமியாங்". நன்றிக்கு "முத்து மெர்சே". என் தந்தையின் பெயரில் பாதி அந்த நன்றியிலேயே இருக்கக் கண்டு பூரித்துப் போனேன். "மூக்கால பேசு டைலர், மூக்கால! வாயால பேசினா மலாய் ஆயிரும்!" என்று மிங்கு அதட்டுவார். ஆறு வாரத்தில் நூறு வாக்கியங்கள் தேறின. ஏழாம் வாரம் பாதிரியார் முன் நின்று, மழை, மீன், உடல்நலம், குடும்பம் என்று மூச்சு விடாமல் கால் மணி நேரம் பேசினேன். அவர் கண்களை மூடிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் போலவும் இருந்தது. கடைசியில் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "மிஸ்டர் வேலாயுதம், மிக இனிமை. ஆனால் இந்த மொழியைப் பேசுகிறவர்களை லிஸ்பனில் பார்க்க வேண்டுமானால், நீங்கள் நானூறு வருஷம் முந்திப் புறப்பட்டிருக்க வேண்டும்."

குளிருக்கு ஒரு பரீட்சை

நான் போய்ச் சேரும்போது அங்கே குளிர்காலம் தொடங்கிவிடும் என்றார்கள். மலாக்காத் தையற்காரனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? ஊர் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன கம்பளித் துணி ஆறு கஜம் அலமாரியில் கிடந்தது. பட்டியலில் இருந்த படத்தை முன்னே வைத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஓவர்கோட்டு ஒன்றைத் தைத்தேன். தோளுக்குப் பஞ்சு, உள்ளே இரட்டைத் துணி, கழுத்தைச் சுற்றிப் பட்டை. போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றபோது, என்னை நானே வணங்கத் தோன்றியது. என் மனைவி தனலெட்சுமி மட்டும், "ஏங்க, உள்ள ஆள் இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆளுக்குப் போட்டுப் பார்க்கலாம். குளிருக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கே போவது? யோசித்து யோசித்து ஐஸ் ஆலைக்குப் போனேன். அங்கே மேஸ்திரியாக இருக்கும் ஆ செங் எனக்கு நெடுநாள் பழக்கம். பனிக்கட்டிகளை உருகாதபடி மரத்தூளில் பொதிந்து அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள், நண்பகலில், ஓவர்கோட்டோடு முக்காலி போட்டு அமர்ந்தேன். வெளியே கூலியாட்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது என் உடம்பில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது! என் வெற்றிக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஆ செங் கோட்டின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, சந்தை மலாயில் மிகுந்த கவனத்தோடு கேட்டார்: "டைலர், எங்க ஐஸுக்கு இதே மாதிரி இருபது கோட்டு தைப்பியா? மரத்தூள் மிச்சமாகும்."

தீபாவளித் தள்ளுமுள்ளு

தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் நம் தொழிலில் என்ன பாடு என்பதைச் சக தொழிலாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு நான் கப்பலேறும் செய்தியும் பரவியதால், இரண்டு மடங்கு துணி வந்து குவிந்தது. புக்கிட் காதிலிலிருந்து வரும் அம்மாள் ஒருவர் தீபாவளி ஜாக்கெட்டோடு இன்னொரு துணியையும் மேஜையில் வைத்தார். இது எதற்கென்று கேட்டேன். "கப்பல் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு அண்ணே, உங்க மேலதான் இல்ல. பொங்கல் ஜாக்கெட்டையும் இப்பவே தைச்சுக் குடுத்துருங்க."

நைனாரின் செய்தி

அதே நாட்களில், பக்கத்தில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பிலிருந்து நைனார் வந்தார். ஓணான் போல் மெலிந்த உடம்பு, இடுப்பில் பாத்திக் சாரோங், நெற்றியில் திருநீறு. மலாக்காச் செட்டிகள் கோயிலில் கும்பிடுவது நம் தெய்வங்களை. வீட்டில் பேசுவதோ தங்களுக்கே உரிய ஒருவகை மலாய். போர்ச்சுகீசியர் கப்பல் வருவதற்கு முன்பே இந்த ஊரில் வணிகம் செய்த குடும்பங்கள் அவை என்று அவர்களே பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள்.

நைனார் தம் பாஜுச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு, பாதிரியாரிடம் வாங்கிச் சுவரில் நான் ஒட்டியிருந்த லிஸ்பன் படத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சாரோங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று அவர்களிடம் சொல் என்பதைத் தம் மொழியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சாக்கப் சாமா டியோராங், கித்தா மாசி அடா சினி."

கப்பலேறப் போவது யார்?

தீபாவளிக்கு முதல் நாள், இஸ்திரிப் பெட்டியின் புகைக்கு நடுவே சிங்கப்பூரிலிருந்து என் கப்பல் சீட்டு தபாலில் வந்தது. கத்தரியால் ஓரத்தை வெட்டிப் பிரித்தேன். பிரயாணியின் பெயர்: மிஸ்டர் முத்துக்கருப்பன்.

தவறு என்னுடையதே. விண்ணப்பத் தாளில் "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தது. நம்மவருக்கு ஏது குடும்பப் பெயர்? குடும்பத்துக்குத் தலைவர் என் தந்தை. ஆகவே அவர் பெயரைத் தெளிவாகப் பெரிய எழுத்தில் எழுதினேன். என் பெயரைப் பணிவாகப் பக்கத்துச் சிறு கட்டத்தில் எழுதினேன். கப்பல் கம்பெனியார் பெரிய எழுத்துக்கே மதிப்புக் கொடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இராவிட்டால் கப்பலில் ஏற அனுமதியில்லை என்று சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாத ஏற்பாடு. மொழி, கோட்டு, பாஸ்போர்ட்டு எல்லாம் தயார். பிரயாணி மட்டும் இறந்து இருபத்தேழு வருஷமாகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். என் தந்தை நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது, கங்காணி கையில் ஆட்களின் தொகை எழுதிய ஒரே தாள்தான் இருந்ததாம். தன் பெயர் எழுதிய சீட்டை அவர் ஒருநாளும் கண்டதில்லை. அதனால் அந்தச் சீட்டைக் கிழித்தெறியவும் எனக்கு மனம் வரவில்லை; கையில் வைத்துக்கொண்டு கலங்கினேன். தனலெட்சுமி வந்து எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முறுக்குப் பிழியும் கையோடு சொன்னாள்: "சரி விடுங்க, மாமாவே போயிட்டு வரட்டும். அவருக்குத்தான் கப்பல்ல வந்த பழக்கம் இருக்கு."

ஒரே கட்டில்

தீபாவளிக்கு இரண்டாம் நாள் பேருந்தில் சிங்கப்பூர் போய், மறுநாள் காலை கப்பல் கம்பெனியின் படி ஏறினேன். மேஜையில் இருந்த பெண், "மிஸ்டர் முத்துக்கருப்பன் ஏன் நேரில் வரவில்லை?" என்று கேட்டாள். காலமாகிவிட்டார் என்றேன். அவள் அனுதாபம் தெரிவித்து, பிரயாணத்தை ரத்து செய்யும் தாளை எடுத்தாள். ரத்து வேண்டாம், போகிறவன் நான் என்றேன். அப்படியானால் நீங்கள் யார் என்றாள். நான் அவர் மகன் என்றேன். மகனுக்கு ஏன் வேறு குடும்பப் பெயர் என்றாள். இப்படியே முக்கால் மணி நேரம் சென்றது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். எனக்கோ, அடுத்த வாரம் புறப்பட வேண்டிய கப்பல் அப்போதே கண்ணெதிரே நகர்வதைப் போலிருந்தது.

கடைசியில் உள்ளறையிலிருந்து தலைமைக் குமாஸ்தா வந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர், மூக்கு நுனியில் கண்ணாடி. பாஸ்போர்ட்டைத் திறந்தார். "வேலாயுதம், முத்துக்கருப்பன் மகன்" என்று அதில் முழுமையாக இருந்தது. சீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிவப்பு மையால் பெயரை அடித்து, மேலே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழு வரியையும் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். அந்த முத்திரையின் சத்தத்தைவிட இனிய நாதஸ்வரத்தை நான் கேட்டதில்லை. சீட்டை என் கையில் கொடுக்கும்போது கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மெல்லச் சொன்னார்: "அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ ஐயா. ஆனா கட்டில் ஒண்டுதான்."

ஊரார் துணிகளிலெல்லாம் பெயர் மாறாமல் துண்டுச் சீட்டுக் குத்தியே முப்பத்து நான்கு ஆண்டுகளைக் கழித்த எனக்கு, என் பெயர் என்மேல் சரியாகக் குத்தப்பட்டது மெர்டேக்கா வருஷத்துத் தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டேகால் மணிக்குத்தான்.