ஒரே மூச்சில் மரண அறிவித்தல்

கொரோனா போன பிறகும் இளைப்பு விடாத எங்களுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி நடந்தது. குழாயை உறிஞ்சினால் மூன்று பந்துகள் எழும்பும் ஒரு பிளாஸ்டிக் கருவி தந்தார்கள். நாங்கள் ஒன்றை எழுப்பிவிட்டு ஊர்க்கதை அளப்போம். எங்களில் ஒருவர் மட்டும் மூன்றையும் எழுப்பாமல் ஓயமாட்டார். கல்லடிப் பக்கம் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மரண அறிவித்தல் சொல்பவர். ஈர்க்குச்சி உடம்பு, குரலோ கலியாண வீட்டுக் குரல்.

உறிஞ்சி முடித்ததும் கண்ணை மூடி, "கல்லடியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட" என்று தொடங்குவார். மருமக்கள் பெயர் வரும்போது மூச்சு முட்டும்.

ஒருநாள் என்னிடம் திரும்பினார்.

"அண்ணன், உங்களுக்கு மருமக்கள் எத்தின பேர்?"

"ஏன்?"

"சும்மா, சொல்லிப் பழகத்தான். சின்னக் குடும்பமெண்டா ஒரே மூச்சில முடிச்சிரலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் இன்னும் சாகல்லையே!"

"ஓம், எனக்கும் இன்னும் சுகமாகல்லத்தானே. அவசரமில்ல, ஆறுதலாப் பாப்பம்."

டொக்டர் எவ்வளவோ கெஞ்சியும் செய்யாத பயிற்சியை அன்று முதல் வீட்டிலும் செய்கிறேன். மூன்று பந்தும் எழும்புகின்றன. அவருக்கு நன்றி சொல்லலாம்தான். ஆனால் அந்த மனிதர் உடனே பேரப்பிள்ளைகளின் பெயரையும் விசாரிப்பாரே!