கடைசியாக ஃப்ளோரை விட்டுப் போக வேண்டியவள்

டிவி ஸ்டூடியோவில் யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

மூன்று கேமரா, மூன்று ஆள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூம். அங்கே டைரக்டர் உட்கார்ந்து "ரெடி ரெண்டு, ரெண்டு" என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் ஸ்விட்சரில் பொத்தானை அமுக்குவார். எந்தப் பொத்தானோ அந்தக் கேமராவின் படம் வெளியே போகும். அவருக்கு அடுத்து ஆடியோ. டைரக்டர் கத்துவது விருந்தாளிக்குக் கேட்கக் கூடாது என்பதால், கேமராக்கள் நிற்கும் ஃப்ளோரில் அவருக்குப் பதிலாக ஒரு ஆள் வேண்டும். அதுதான் ஃப்ளோர் மேனேஜர். காதில் ஹெட்செட், இடுப்பில் அதன் பெட்டி, அதிலிருந்து சுவர் வரைக்கும் வயர். வாயைத் திறக்கக் கூடாது. ஐந்து விரல் காட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் நிறுத்து. கடைசிப் பரீட்சையில் எனக்கு விழுந்தது அந்த வேலைதான். நானே கேட்டு வாங்கினேன்.

எங்கள் கல்லூரி விருதுநகர் போகிற ரோட்டில் இருந்தது. ஸ்டூடியோ சாமான் எல்லாம் சென்னையில் யாரோ வேண்டாம் என்று கழித்தவை. ஊரெல்லாம் எல்இடி லைட்டுக்கு மாறிவிட்டது, எங்களுக்கு மட்டும் தோசைக்கல் மாதிரி காய்கிற ஹாலோஜன். இருந்தால் என்ன, எனக்கு அந்த அறை என்றால் உயிர். சொல்லித்தந்த சார் இருபது வருடம் சேனலில் கேமரா பிடித்தவர். முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டார்: 'கட் சொல்லும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஃப்ளோர் மேனேஜர் கடைசியாகத்தான் ஃப்ளோரை விட்டுப் போக வேண்டும்.'

என் வீடு எம். புதுப்பட்டி. அம்மாவுக்கு வேலை பட்டாசு ஆலையில். எங்கள் பக்கம் அதை பயர் ஆபீஸ் என்போம். அப்பா போனதும் அங்கேதான். அதை எழுத எனக்குத் தெம்பில்லை, விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு அம்மா எனக்குச் சொல்லி வளர்த்தது ஒன்றே ஒன்று. "சத்தம் கேட்டா என்ன ஏதுன்னு நிக்காத புள்ள. கையில உள்ளத அங்கனயே போட்டுட்டு ஓடு. வெட்டவெளிக்குப் போயி நின்னு பொறவு ஆளை எண்ணு." சோறு ஊட்டும்போதுகூடச் சொல்லியிருக்கிறாள்.

அதனால் முதல் வருடம் முழுக்க எனக்கும் ஸ்டூடியோ கதவுக்கும் ஆகவே ஆகாது. வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்கப் பஞ்சு அடைத்த கனமான கதவு, உள்பக்கமாக இழுத்தால்தான் திறக்கும். ஆள் உள்ளே இருக்கும் அறையில் கதவைச் சாத்துவது என்றால் எனக்குப் பொறுக்காது. லைட் ஸ்டாண்டு சாயாமலிருக்க வைக்கிற மணல்மூட்டையைச் சத்தமில்லாமல் கதவிடுக்கில் நகர்த்தி வைத்துவிடுவேன். வெளியே போகிற லாரி ஹாரன் எல்லாம் ஆடியோவில் விழும். சார் தலையில் அடித்துக்கொள்வார். நான் மட்டுமா? கேமரா இரண்டில் நின்றவள் நாரணாபுரம், மூன்றில் நின்றவன் விஸ்வநத்தம், தொகுப்பாளராக உட்கார்ந்தவள் சிவகாசி, எல்லாம் பட்டாசு ஊர்கள். எல்லாரும் உள்ளே வந்ததும் முதலில் பார்ப்பது கதவைத்தான். கேமரா ஒன்றில் நின்ற கோயம்புத்தூர்ப் பையனுக்கு மட்டும் அந்தக் கவலையே கிடையாது.

கடைசி வருடத்தில் சார் ஒரு செய்தி கொண்டுவந்தார். சென்னைச் சேனல் ஒன்றிலிருந்து ஒருவர் எங்கள் பரீட்சையைக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்ப்பார், ஒரே ஒருவரை வேலைக்கு எடுப்பார். எனக்கு அதற்கு மேல் தூக்கமே பிடிக்கவில்லை. அம்மா எனக்காக பேக்கிங் பகுதியில் இடம் சொல்லி வைத்திருந்தாள். ஒன்று சென்னை, இல்லாவிட்டால் அம்மாவோடு ஆலை வேன். நடுவில் வேறு எதுவும் இல்லை. என்னைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சார் வாய் தவறிச் சொல்லவும் செய்தார்.

பரீட்சை அன்று காலையில் ஒரு லைட் எரியவில்லை. கோயம்புத்தூர்ப் பையன் ஏணியில் ஏறிப் புதுப் பல்பை வெறும் கையால் பிடித்து மாட்டினான். ஹாலோஜன் பல்பில் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் வெடிக்க வைத்துவிடும் என்று சார் நூறு தடவை சொல்லியிருக்கிறார். நான் கைக்குட்டையை நீட்டினேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று சிரித்தான். சரி போ என்று விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்குக் கதவை நானே சாத்தினேன். மணல்மூட்டையை எடுத்து மூலையில் வைத்தேன். பேட்டிக்கு விருந்தாளியாக வந்தவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நிகழ்ச்சி அப்படி ஓடியது. என் விரல் அசைந்தால் கேமரா அசைந்தது. டைரக்டராக உட்கார்ந்திருந்த சார் ஹெட்செட்டில், "சூப்பர்மா, அவர் உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கார்" என்றார். ஐந்து விரல் காட்டினேன். நான்கு காட்டினேன்.

டப்பென்று ஒரு சத்தம். மேலே பளிச்சென்று ஒரு வெளிச்சம், கண்ணாடித் துகள், கருகிய வாசனை.

அதற்கப்புறம் நான் யோசிக்கவே இல்லை. கதவை இரண்டு கையாலும் இழுத்தேன், ஒரு நொடி அது வர மறுத்தது. திறந்ததும் ஓடினேன். வராந்தாவில் நிற்கவில்லை, படியில் நிற்கவில்லை. மைதானத்தின் நடுவுக்குப் போய்த்தான் நின்றேன். தலையில் ஹெட்செட் அப்படியே இருந்தது, பிய்ந்துபோன வயர் மண்ணில் கிடந்தது. பின்னாலேயே கேமரா இரண்டு, கேமரா மூன்று, தொகுப்பாளர். யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லாரும் ஆளை எண்ணினோம். எங்கள் ஆளில் ஒரு தலை குறைந்தது.

"அவன் உள்ள இருக்கான்! ஐயோ, அவன் உள்ள இருக்கான்!" என்று நாரணாபுரத்துக்காரி வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். விஸ்வநத்தத்துப் பையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாத, உள்ள போகக் கூடாது" என்றான். நானும் அழுதேன். பட்டப்பகலில், மழைத்தூறல்கூட இல்லாத மைதானத்தில், ஒரு பல்புக்காக நாலு பேர் ஒப்பாரி வைத்தோம்.

அவன் உள்ளேதான் இருந்தான். திகைத்துப்போய் உட்கார்ந்திருந்த பேங்க் மேனேஜரின் முகத்தை குளோசப்பில் பிடித்தபடி, கட் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தான். ஆளில்லாத இரண்டு கேமராவும் தரையையும் காலி நாற்காலியையும் காட்டின என்று பதிவில் பிறகு பார்த்தேன்.

சென்னைக்காரர் நல்ல மனிதர்தான், திட்டவில்லை. "ஒரு பல்புக்கா இப்படி?" என்று சிரித்தார், அவ்வளவுதான். சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோயம்புத்தூர்ப் பையனுக்கு வேலை கிடைத்தது. போகும்போது என்னிடம் வந்து, "நீங்க எல்லாம் எதுக்குங்க ஓடுனீங்க?" என்று உண்மையாகவே கேட்டான். பல்பில் விரல் வைத்தவன் நீதானே என்று வாய்வரை வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது? பல்பு எங்கேயும் வெடிக்கும். நின்றான், அவனுக்குக் கிடைத்தது. எனக்காக எனக்கே வாதாட முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "என்ன சொன்னாக?" என்று அம்மா கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "சத்தம் கேட்டதும் ஓடிட்டயில்ல?" என்றாள். "ஓடிட்டேன்" என்றேன். என் தலையைத் தடவி, "அம்புட்டுப் போதும் தாயி" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் கையைத் தட்டிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமை அம்மாவோடு வேனில் ஏறினேன். என் மார்க் ஷீட்டை போர்மேன் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. வாசலில் நிற்க வைத்தே கேட்டார்.

"சத்தம் கேட்டா என்ன செய்வ?"

"ஓடுவேன்ணே."

"கையில உள்ளத?"

"போட்டுட்டு."

"கூட இருக்கவுக?"

"நின்னு பாக்க மாட்டேன். வெளிய போயித்தான் எண்ணுவேன்."

"கெட்டிக்காரப் புள்ளயா இருக்கே. இப்பவே உள்ள போ" என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.