கொரட்டூரிலிருந்து பூந்தமல்லி வரை: வரதர்களைத் தேடி ஒரு காலை

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நானும் அப்பாவும் இந்தப் பயணம் போனோம். காரணம், மறுநாள் என் மகனுக்குப் பெயர் சூட்டு விழா. பேரனுக்குத் தாத்தாவின் பெயர் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாவின் பெயர் வரதராஜன். என் மனைவி வித்யாவின் தேர்வு ஆரவ். எங்கள் குடியிருப்பில் ஏற்கெனவே நான்கு ஆரவ்கள் இருக்கிறார்கள். மாலையில் பால்கனியில் நின்று கூப்பிட்டால் பாதி கபடி அணி திரும்பிப் பார்க்கும்.

"அந்தப் பேர்ல பாக்குற மாதிரி ஏதாவது இருந்தா போட்டோ எடுத்துட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றாள் வித்யா.

காலை ஏழரைக்குக் கொரட்டூர் ரயில் நிலையத்தருகே ஆட்டோ பிடித்தோம். போக வர, காத்திருப்பு உட்பட ஆயிரத்து இருநூறு ரூபாய். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார், ஏதோ நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்போல.

"இன்னா சார், வரதன்னு ஒருத்தரத் தேடிகினு கீறீங்களா? எனக்குத் தெரிஞ்சே மூணு பேர் கீறாங்க" என்றார் ஓட்டுநர். "ஒருத்தர் உள்ள கீறாரு."

"எங்க உள்ள?"

"புழல்ல."

அவரை விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

முதலில் கொரட்டூரிலேயே ஒரு வரதராஜன் தெரு. யார் அந்த வரதராஜன் என்று தெருவில் கேட்டோம். ஏரிக்கு மதகு கட்டியவர் என்றார் ஒருவர்; இந்த மனைகளை விற்றவர் என்றார் இன்னொருவர். இரண்டையும் ஒருவரே செய்திருக்கவும் வாய்ப்புண்டு. பெயர்ப்பலகையை ஒரு காதணி விழா பேனர் மறைத்திருந்தது. ஓட்டுநர் அதைத் தூக்கிப் பிடித்தார், படம் எடுத்தேன்.

மூன்று கிலோமீட்டர் தள்ளி மண்ணூர்பேட்டையில் ஒரு சலூன். சுவர் முழுக்கக் கருடன்மேல் வரதர். வரைந்தவர் கடைக்காரரின் தந்தையாம். கருடனுக்குக் கடைக்காரரின் மீசை. கலை விமர்சகர்கள் குறை சொல்லக்கூடும். எனக்கு அந்தக் கருடன்மீது உடனே நம்பிக்கை வந்தது.

அங்கிருந்து பூந்தமல்லி முக்கால் மணி நேரம். வரதராஜப் பெருமாள் கோயில். காஞ்சி வரதருக்கு விசிறி வீசிய பக்தர் பிறந்த ஊர் இது. வயதாகி அவரால் காஞ்சிக்கு நடக்க முடியாமல் போனபோது பெருமாளே இங்கு வந்து காட்சி தந்தார் என்பார்கள். வீடு தேடி வரும் சேவையை இந்த ஊர் அப்போதே பார்த்துவிட்டது.

அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் அர்ச்சகர். சொன்னோம். சன்னதி அதிர "வரதராஜன்" என்றார். அப்பா சற்றே நிமிர்ந்தார்.

வெளியே வந்து செருப்பு போடும்போது சொன்னார்: "என் பேர சத்தமா கேட்டு எவ்ளோ நாளாச்சுடா. உங்கம்மா சாகுற வரைக்கும் ஒரு தடவ சொன்னதில்ல. உனக்கு அப்பா. கம்பெனில ஃபோர்மேன். ஆஸ்பத்திரிலதான் கூப்பிடுவாங்க, இப்ப அங்கயும் டோக்கன் நம்பர்."

"இன்னா நைனா, இதுக்குப் போயி" என்ற ஓட்டுநர், வீடு வரும்வரை அவரை வரதண்ணே என்றே கூப்பிட்டு வந்தார். கேட்ட பணத்துக்குமேல் அப்பா ஐம்பது ரூபாய் கொடுத்தார்.

வித்யா படங்களைப் பார்த்தாள். கருடனுக்குச் சிரித்தாள். பிறகுதான் உண்மையான காரணம் வந்தது. "பேரு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு இவன் செவுத்துல கிறுக்குவான். மாமா எதுர்ல 'டேய் வரதா'ன்னு நான் எப்படிக் கத்துறது?"

அப்பா நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார்: "கத்தும்மா. அதுக்குத்தான் கேக்குறேன்."

போக நினைப்பவர்களுக்கு: கோயிலுக்கு முதலில் போங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். சலூனுக்கு ஞாயிறு வேண்டாம். வரிசையில் நிற்பவர்கள் கருடனை மறைப்பார்கள். நேரமிருந்தால் செம்பரம்பாக்கம் ஏரி பக்கம்தான். அதற்கு வரதன் என்று பெயரில்லாததால் நாங்கள் போகவில்லை.

வித்யா இப்போது சத்தமாகவே கூப்பிடுகிறாள். பையனுக்கு இன்னும் திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை. அப்பா திரும்பிப் பார்க்கிறார்.