உண்ணாமலை தறியைத் தொட்ட காலை

உண்ணாமலைக்கு முகத்தில் வெள்ளை விழுந்தது இருபத்து மூன்றாம் வயதில். முதலில் உதட்டோரம், பிறகு கண் இமை, அப்புறம் இரண்டு கையும் மணிக்கட்டு வரை. அது தொற்றாது. உயிருக்கு ஒன்றும் செய்யாது. வெயிலில் சற்று எரியும், அவ்வளவுதான். டாக்டர் இதைத்தான் சொன்னார். சேத்துப்பட்டில் இருந்த புருஷன் வீட்டாருக்கு டாக்டர் சொன்னது போதவில்லை. 1999 தை மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு அவளை ஆரணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பிறந்த வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் துணிமணிக்கு மேலே அவள் சாப்பிட்ட தட்டு, தண்ணீர் குடித்த டம்ளர், தலைக்கு வைத்துப் படுத்த தலையணை எல்லாம் இருந்தன. அந்த வீட்டில் அவள் தொட்டது எதையும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

பி.எஸ்சி. கணிதம் படித்தவள். ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஒரு தாய் வந்து, "அந்த டீச்சர் தொட்ட சாக்பீஸத்தான எங்க பொண்ணும் தொடுது" என்று கேட்டாள். தாளாளர் உண்ணாமலையைக் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கொசப்பாளையத்தில் அண்ணன் வீரபாகுவின் வீடு. கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் அவன், இன்னொன்றில் அவன் மனைவி பாஞ்சாலை. பட்டில் உண்ணாமலை கை படக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். முகூர்த்தப் புடவை ஓடும்போது அவள் கூடத்தின் வழியாக நடக்கவே கூடாது, கொல்லைப்புறம் சுற்றித்தான் வரவேண்டும். ஒரு தடவை தெரியாமல் அவள் முந்தானை, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவில் உரசிவிட்டது. வீரபாகு தறிக்குழியிலிருந்து ஏறிப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, மறுபடி உட்கார ஒன்றரை மணி நேரம் ஆனது.

2003-இல் தாய் விருத்தாம்பாளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. அவளைக் கழுவ, துடைக்க, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க, கஞ்சி ஊட்ட அதே கை போதுமானதாக இருந்தது. இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. விருத்தாம்பாளுக்கும் இல்லை. வாய் கோணியிருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. "எம் புள்ள தறிப் பக்கம் போவாத. போனியா?" என்று தினம் கேட்பாள்.

பிரவுசிங் சென்டர் வைத்திருந்த வேடியப்பன்தான் அந்த வேலையைப் பற்றிச் சொன்னான். பெங்களூரில் ஒரு கம்பெனி. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே இன்டர்நெட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். திரையில் ஒரு வெள்ளைப் பலகை வரும். அதில் இவள் எழுதினால் அங்கே தெரியும், அங்கே எழுதினால் இங்கே தெரியும். ஹெட்போனில் பேசிக்கொள்ளலாம்.

"கேமரா?" என்று கேட்டாள் உண்ணாமலை.

"கெடையாதுக்கா. கொரல் மட்டும்தான். மூஞ்சியப் பாத்தா கணக்கு சொல்லித் தர்றாங்க?"

அவனுக்கு எட்டு மாதம் டைப் அடித்துக் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டாள். வீரபாகு புடவை டிசைன் இறக்குவதற்காக பிராட்பேண்ட் போட்டிருந்தான். அம்மா படுத்திருந்த உள்ளறை வழியாகத்தான் அந்த ஒயர் வந்தது. ராத்திரியெல்லாம் அம்மாவோடு கிடக்கிறவள் என்பதால் அங்கே கம்ப்யூட்டர் வைக்க அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு மாதம் பயிற்சி. கம்பெனி அனுப்பிய பாடங்களைத் திரையில் பார்த்து, கீழே வரும் கேள்விக்குப் பதில் தட்டவேண்டும். பின்னம் என்றால் பீட்சாவை வைத்து விளக்கவேண்டும் என்று அதில் இருந்தது. உண்ணாமலை பீட்சாவைக் கண்ணால் கண்டதில்லை. வட்டமாக இருக்கும், எட்டாக வெட்டுவார்கள் என்பது தெரிந்தால் போதாதா? எழுதுவதற்குத் தனிப் பேனாவும் பலகையும் உண்டு. அவளிடம் அது இல்லை. மவுஸைப் பிடித்தே எழுதிப் பழகினாள். எட்டு என்ற எண் நேராக வரப் பத்து நாள் ஆயிற்று.

பயிற்சியாளர் லாவண்யா பெங்களூரிலிருந்து பேசுவாள். எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு ஒரு நாள் கேட்டாள். "மேடம், பின்னால டக்கு டக்குன்னு இன்னாது? ஃபேக்டரியா?"

"தறிங்க. பட்டுத் தறி."

"சோதனை வகுப்புல அந்தச் சத்தம் வந்தா நான் பாஸ் போட முடியாதுங்க. ஒரு வாட்டிதான் சான்ஸ். தேதிய நீங்களே பாத்துப் போட்டுக்கோங்க, சத்தமில்லாத நாளா."

சத்தமில்லாத நாள் எது என்று உண்ணாமலைக்குப் பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும். அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் 2007 ஏப்ரல் 17, சித்திரை அமாவாசை, இரவு எட்டு மணி என்று போட்டாள். அமெரிக்காவில் அவர்களுக்கு இரவு எட்டு என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. இதை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

பதினேழாம் தேதி ஐந்து மணிக்கே அம்மாவைக் கழுவி, துணி மாற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவே செத்துக் கிடந்தது. திரையில், உங்கள் வகுப்புக்கு இன்னும் இருபத்து நான்கு மணி நேரம் இருக்கிறது என்று வந்தது.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவர்களுடைய பதினேழாம் தேதி இரவு நமக்குப் பதினெட்டாம் தேதி காலை. மணியைக் கணக்குப் போட்டவள் நாளைப் போடவில்லை. கணக்கு டீச்சர். தேதியை மாற்றவேண்டும் என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

மத்தியானம் இலை போட்டு முடிந்ததும் அண்ணனிடம் போனாள்.

"அண்ணா, நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் தறிய நிறுத்தணும். அஞ்சரைலேர்ந்து ஆறரை."

"இன்னாத்துக்கு?"

"எனக்குப் பரீச்ச. சத்தம் கேட்டா வேல போயிடும்."

வீரபாகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பேசினான். "பெரணமல்லூர் முகூர்த்தப் பொடவ ஓடிகினு இருக்குது. இன்னைக்கு ஒரு நாள் போச்சு. நாளைக்கு நாலரைக்கே எறங்கலாம்னு இருக்கறேன். நீ பேச நான் தறிய நிறுத்தணுமா?"

"ஒரு மணி நேரம்தான்."

"இவங்க வெள்ளக்காரனுக்குப் பாடம் நடத்தப் போறாங்களாம்," என்றாள் பாஞ்சாலை. "கலர் பொருத்தம் பாத்துத்தான் எடுத்திருப்பாங்க."

வீரபாகு சிரித்தான். உள்ளறையிலிருந்து விருத்தாம்பாளும் சிரித்தாள். பாதி வாயில் அந்தச் சிரிப்பு எச்சிலாக ஒழுகியது. உண்ணாமலை போய் அதைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் நாலரைக்கே இரண்டு தறியும் ஓட ஆரம்பித்தன. உள்ளறைக் கதவை மூடி, இடுக்கில் பழம்புடவையைத் திணித்துப் பார்த்தாள். ஒலியைப் பதிவு செய்து கேட்டாள். டக்கு டக்கு என்று அவள் குரலுக்கு மேலே கேட்டது. மணி ஐந்து பதினைந்து.

கூடத்துக்கு வந்தாள். கொல்லைப்புறம் சுற்றி அல்ல, நேராக.

"ஏய், அங்கியே நில்லு," என்றான் வீரபாகு.

"நிறுத்துண்ணா."

"முடியாது, போ."

அவள் குனிந்து, பாவின் மேல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தாள். அரக்குச் சிவப்பு இழைகள்மேல் அவள் கை சுண்ணாம்பு தடவினதுபோல் தெரிந்தது. ஐந்து எண்ணும்வரை எடுக்கவில்லை. பிறகு பாஞ்சாலையின் தறிக்குப் போய் அதிலும் வைத்தாள்.

வீரபாகு குழியிலிருந்து ஏறிக் கையை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது. அடிக்கவேண்டும் என்றால் அவளைத் தொடவேண்டும்.

"கத்தாதீங்க," என்றாள் பாஞ்சாலை புருஷனிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "தெருவுல யார் காதுலயாவது வுழுந்தா பெரணமல்லூர்க்காரங்க பொடவைய நம்ம மூஞ்சிலயே வுட்டெறிவாங்க. போய்த் தலைக்கு ஊத்துங்க, ஜல்தி."

உண்ணாமலை எதிர்பார்த்ததும் அதுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்தரைக்கு எமிலி என்ற பதினோரு வயதுப் பெண்ணின் குரல் ஹெட்போனில் வந்தது. பாதியில் மூன்றில் ஒரு பங்கு எப்படி ஆறில் ஒன்றாகும் என்பது அவளுக்குப் புரியவில்லை. உண்ணாமலை மவுஸால் பீட்சா வரைந்தாள். முட்டை மாதிரி இருக்கிறது என்றாள் எமிலி. சரி, முட்டையையே வெட்டுவோம் என்றாள் இவள் ஆங்கிலத்தில். எமிலி சிரித்தாள். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு கணக்கு போட்டார்கள், பதினொன்று சரி. வீட்டில் கொல்லைப்புறத்துத் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

எமிலி போனபின் லாவண்யாவின் குரல் வந்தது. "பாஸ் போட்டுட்டேன் மேடம். திங்கக்கெழமைலேர்ந்து வாரத்துக்கு அஞ்சு நாள், இதே டைம். நல்ல அமைதியான ரூம் புடிச்சிட்டீங்க."

ஹெட்போனைக் கழற்றினபோது வீரபாகு அறை வாசலில் ஈரத் தலையோடு நின்றான். சுவரோரம் வந்த ஒயரைப் பிடித்து இழுத்து அறுத்தான். "உம் பொட்டிய எடுத்துகினு வெளிய போ," என்றான்.

"பீட, போவட்டும்," என்றாள் விருத்தாம்பாள் கட்டிலிலிருந்து.

வேடியப்பன் கடையின் பின்பக்கத் தடுப்பில் கம்ப்யூட்டரை இறக்கினாள். பகலில் எவ்வளவு நேரமும் இருக்கலாம் என்றான் அவன். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்குக் கடையைத் திறக்க அவனால் ஆகாது. களம்பூர் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவன். சாவியைத் தர கட்டட முதலாளி ஒப்பவில்லை. படுக்க, கடை பெருக்கும் முனியம்மா தன் வீட்டில் இடம் கொடுத்தாள்.

புது போன் லைன் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள் டெலிபோன் ஆபீஸில். எழுதிக்கொடுத்தாள். திங்கட்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அண்ணன் வீட்டு ஒயர் இல்லாமல் அந்த வேலை கிடையாது.

அவள் போகவுமில்லை, கெஞ்சவுமில்லை. காத்திருந்தாள். எதற்குக் காத்திருந்தாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். புரட்டிப் போடாமல் கிடக்கிற உடம்பில் முதல் நாள் இடுப்பு எலும்புக்கு மேல் தோல் சிவக்கும். இரண்டாம் நாள் நீலம் பாயும். ஈரத் துணியோடு கிடந்தால் மூன்றாம் நாள் தோல் உரியும். நான்கு வருஷமாக அந்த முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்.

"பெத்தவ அங்க இன்னா கதில கெடக்கறாளோ," என்றாள் முனியம்மா வெள்ளிக்கிழமை.

"தெரியும்."

"தெரிஞ்சுகினா இங்க குந்திகினு இருக்கற?"

"ஆமா."

முனியம்மா அப்புறம் அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பாஞ்சாலை பிரவுசிங் சென்டருக்கு வந்தாள். மூக்கை முந்தானையால் பொத்திப் பொத்தி அது பழக்கமாகிவிட்டதுபோல் இங்கேயும் பொத்தியிருந்தாள்.

"வா, உண்ணாமல. அத்தையப் பாக்க முடியல. நாத்தம் கூடம் வரைக்கும் வருது. உங்கண்ணன் கூப்புட்டுகினு வரச் சொன்னாரு."

"ஒயரு?"

"மொதல்ல அத்தையக் கழுவு. அப்பால அதப் பேசிக்கலாம்."

"ஒயர ஒட்டட்டும் அண்ணி. மோடத்துல லைட்டு எரியுதுன்னு நானு கண்ணால பாக்கணும். அப்புறம் அஞ்சரைலேர்ந்து ஆறரை வரைக்கும் தெனம் தறி ஓடக்கூடாது. சரின்னா வர்றேன்."

"அவங்க உன் அம்மாடி."

"உனக்கு மாமியா. கழுவு."

பாஞ்சாலை போய்விட்டாள். சனிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லைன்மேன் வந்து ஒயரை ஒட்டிவிட்டுப் போனதாக வேடியப்பன் வந்து சொன்னான். உண்ணாமலை கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். மோடத்தில் விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்த்தாள். பிறகு அம்மாவைப் புரட்டினாள்.

இடுப்பின் நடுவில் ஒரு குழி, இரண்டு விரல் நுழைகிற அளவு. ஓரம் கறுத்திருந்தது. உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் கழுவினாள். விருத்தாம்பாள் அலறவில்லை, அதற்குத் தெம்பில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியே வந்திருக்கலாம்," என்றாள்.

"வந்திருக்கலாம்," என்றாள் உண்ணாமலை. துணியைப் பிழிந்து, இரண்டாம் முறை கழுவினாள்.

அந்தப் புண் ஆறவே இல்லை. வைகாசி, ஆனி இரண்டு மாதமும் மருந்து வைத்துக் கட்டினாள். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டினாள், வகுப்பு நேரம் தவிர. அந்த ஒரு மணி நேரத்தில் கட்டிலிலிருந்து கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். ஹெட்போனில் அம்மாவின் முனகல் எமிலிக்குக் கேட்டுவிடாமல் இருக்க, மைக்கை வாய்க்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

ஆடி இரண்டாம் வாரம் விருத்தாம்பாள் போய்ச் சேர்ந்தாள். ரத்தத்தில் சீழ் ஏறிவிட்டது என்றார் டாக்டர். கருமாதி முடிந்த மறுநாள் வீரபாகு தங்கையைப் பார்த்து, "கொன்னுட்ட இல்ல?" என்று கேட்டான்.

"ரெண்டு பேருமாத்தான்," என்றாள் அவள்.

முனியம்மா இருந்த தெருவில் உண்ணாமலை ஓட்டு வீடு ஒன்றைப் பேசி முடித்து, தன் பெயரில் போனும் வாங்கியிருந்தாள். அன்றைக்கே கம்ப்யூட்டரை அங்கே கொண்டுபோனாள். எமிலி அந்த வருஷம் கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தாள். அவள் அம்மா கம்பெனிக்கு எழுதியிருந்த கடிதத்தை லாவண்யா படித்துக் காட்டினாள். எங்கள் மகளின் ஆசிரியை மிகவும் பொறுமைசாலி என்று அதில் இருந்தது. உண்ணாமலை நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வாரத்து வகுப்பு நேரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.