காதருகே இறக்கிய முகக்கவசம்

தென்காசிக்காரன் குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்குவதில்லை. சாரல் விழுந்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஒரு குளியல், ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்து சோறு. எனக்கு மட்டும் கொரோனா ஊரடங்கில் அறையில் தங்கும் பாக்கியம் வாய்த்தது. நல்ல சீசன், அருவி நிறையத் தண்ணீர், குளிக்க ஒரு தலை கிடையாது. லாட்ஜ் முழுக்க நானும், கதவுக்கு வெளியே சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடும் வாட்ச்மேனும்தான்.

நான் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளன். கத்தியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. நோயாளியை அசையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. புரை எடுக்க ஆளை மயக்குவதில்லை, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். முகத்தைத் துணி மூடியிருக்கும். உள்ளே ஆள் முழித்துக்கொண்டிருப்பார், பேசுவார், சிலர் அரசியலும் பேசுவார்கள்.

நான் லாட்ஜுக்கு வருவதற்கு முந்தின நாள் ஆபரேஷனுக்கு வந்தவர் மேலகரத்துப் பெரியவர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர். புரை முற்றிக் கண் கல்லாக இறுகியிருந்தது. கொரோனா பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் உடனே ஆரம்பித்தார். பாதியில் துணிக்குள்ளிருந்து இருமல் கிளம்பியது. கீறித் திறந்திருக்கிற கண்ணோடு பலமாக இருமினால் அந்தக் கண் அவ்வளவுதான். பெரியவரின் காது மிஷினோ வெளியே மேஜையில் இருந்தது.

"அண்ணாச்சி, இருமாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க," என்றேன், இரண்டு முகக்கவசங்களுக்குப் பின்னாலிருந்து.

"என்னடே, வாய்க்குள்ளயே பேசுதே? ஸ்டேஷன்ல திருடன்கூட இதைவிடத் தெளிவாப் பேசுவான்."

டாக்டரின் கை நின்றது. நான் முகக்கவசங்களை இறக்கி, துணியின் ஓரத்தைத் தூக்கி, அவர் காதில் வாயை வைத்துச் சொன்னேன்.

"ஆங், இப்படிச் சொல்லு," என்று என் முகத்திலேயே சின்னதாக ஒருமுறை இருமிவிட்டு அடங்கினார். கண் தப்பியது.

அவருக்குக் கொரோனா என்று மறுநாள் தெரிந்தது. அதற்குள் நான் வீட்டுக்குப் போய், ஆஸ்துமாக்காரியான மனைவியோடு ஒரே தட்டில் முறுக்குத் தின்று, பெரியவரைப் போலப் பேசிக்காட்டி அவளைச் சிரிக்கவும் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாக இருக்கச் சொல்லி லாட்ஜில் கொண்டுவந்து போட்டார்கள். அங்கே என் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. வராத இருமலை வரவழைத்துப் பார்ப்பதில்தான் பொழுது போயிற்று. பயமெல்லாம் போனில் கேட்ட அவள் மூச்சைப் பற்றி. "சாப்ட்டீயளா?" என்று அவள் கேட்டால், அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, மூச்சு இரைக்கு?"

"மாடிப்படி ஏறி இறங்குனேன், அதான்."

எங்கள் வீட்டில் மொட்டைமாடிக்கு மட்டும்தான் படி. மழைக்குள் அங்கே அவளுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

இரண்டு பேருக்குமே தொற்று இல்லை என்று முடிவு வந்தது. பையைக் கட்டிக்கொண்டே அவளைக் கூப்பிட்டேன்.

"திரும்பவும் தியேட்டருக்குத்தான போவிய?" என்றாள்.

"போகணும்லா."

"அப்ப அங்கன லாட்ஜுலயே இருந்து போய்க்கிடுங்க. கோவத்துல சொல்லல. முந்தாநாள் மூச்சு முட்டுனப்ப உங்க மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. பாசத்துல இல்ல."

பாசத்தில் இல்லை என்பதை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். சரி என்றேன். மடித்து வைத்த வேட்டியை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன்.