மூன்று பெல் அடித்தால்

நான் வக்கீல். பொய் சொல்வதென்றால் ஃபீஸ் வாங்கிக்கொண்டுதான் சொல்வேன். இதை எழுத எனக்கு யாரும் ஒரு பைசா தரவில்லை. அதனால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தது நான். நீங்கள் இல்லை.

ஆபீஸ் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே எனக்கு நோட்டீஸ் வரும். தூத்துக்குடியில், பழைய ஹார்பர் பக்கம், ஒரு காலத்தில் சரக்கு வைக்கிற கிட்டங்கியாக இருந்த மாடிக் கட்டடம். பதினான்கு வக்கீல்கள். கப்பல் கம்பெனி, உப்பளம், இறால் ஏற்றுமதி என்று பெரிய கட்சிக்காரர்கள். போன வருஷம் ஆகஸ்டில் நான் அங்கே ஜூனியராகச் சேர்ந்தேன். அப்போது என் மகளுக்கு ஏழு மாதம்.

இன்டர்வியூவில் சீனியர் என் மார்க்கையோ சர்டிபிகேட்டையோ பார்க்கவில்லை. கைக்குழந்தை இருக்கிறதே, வேலைக்கு இடைஞ்சல் ஆகாதா என்று மட்டும் கேட்டார். ஆகாது சார் என்றேன். "நம்ம ஆபீஸ் ஒரு குடும்பம் மாதிரிம்மா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குடும்பம் என்று சொல்கிற ஆபீஸில் யாரையும் குடும்பத்தைப் பார்க்க விட மாட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சேர்ந்த அன்றைக்கே ரெக்ஸ் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். ஜூனியர்களில் அவர்தான் மூத்தவர். சீனியரின் அறை மாடியில். அவரிடம் நேரடியாக வேலை பார்க்கிற நாங்கள் கீழே ஹாலில். அவர் மேஜையில் ஒரு சுவிட்ச், எங்கள் தலைக்கு மேலே பெல். ஆளுக்கு ஒரு கணக்கு. ஒன்று அடித்தால் குமாஸ்தா செந்தில்முருகன் போக வேண்டும். இரண்டு அடித்தால் ரெக்ஸ். எனக்கு நாலு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் வாய் தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

மூன்று யாருக்கு என்று கேட்டேன்.

"அது இப்ப இல்ல" என்றார் ரெக்ஸ். அதற்கு மேல் கிணற்றில் போட்ட கல்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாயங்காலம் சீனியர் இறங்கி வந்து "சரி, கிளம்புங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இப்படி எங்கேயும் எழுதிப் போடவில்லை. ஆனாலும் மீறியவர் கிடையாது. ஏழு ஆகும், எட்டு ஆகும். வேலை இல்லாவிட்டாலும் பழைய கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்குப் பால் கட்டி நெஞ்சு கனக்கும். பாத்ரூமில் போய்ப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டுவிட்டு வருவேன். அங்கே மில்லர்புரத்தில் என் பிள்ளை புட்டிப்பாலைத் துப்பிக்கொண்டு அழும். பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும் என்பார் என் மாமியார் செல்லக்கனி. என் சம்பளம் இல்லாமல் வீட்டு லோன் ஓடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆனால் ஆளே இல்லாத அந்த மூன்று பெல் அடிக்கும்.

வாரத்தில் ஒரு தடவையாவது அடிக்கும். சீனியர் பழக்கதோஷத்தில் அடிக்கிறார் என்று நினைத்தேன். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். எனக்கு உறுத்தியது வேறு விஷயம். நாங்கள் போக அரை நிமிஷம் தாமதித்தாலும் அவர் மறுபடி அடிப்பார். விடாமல் அடிப்பார். மூன்று அடித்தால் மட்டும் மறுபடி அடிப்பதே இல்லை.

யாரோ போய்விட்ட மாதிரி.

அக்டோபரில் அந்தச் சனிக்கிழமை வந்தது. குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் பாதி ஆபீஸ் போயிருந்தது. கோர்ட் லீவு. எங்களுக்கு லீவு இல்லை. திங்கட்கிழமை மதுரை ஹைகோர்ட்டில் ஒரு மனு போட வேண்டும், அதை நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மாமியார் போன் செய்தார்.

"ஏளா செல்வி, புள்ளைக்கு மேலு கொதிக்கு. பால் குடிக்க மாட்டேங்கா. எப்ப வார?"

என் வீட்டுக்காரர் ஹார்பரில் ஷிஃப்டில் இருந்தார், போனை எடுக்கவில்லை. மாமியாருக்கு முட்டுவலி, தனியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியாது. நான்தான் போக வேண்டும். மரப்படியில் ஏறி சீனியர் அறைக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். பாப்பாவுக்குக் காய்ச்சல் சார், இன்றைக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பட்டுமா என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.

பொறு என்று அர்த்தம். இறங்கி வந்து பொறுத்தேன்.

ஆறரைக்கு ரெக்ஸ் கிளம்பினார். பாஸ்கல் என்று ஒரு கப்பல் ஏஜென்ட், எங்கள் பெரிய கட்சிக்காரர், அவர் வீட்டு ரிசப்ஷனுக்கு சீனியர் அனுப்புகிறாராம். செந்தில்முருகன் ஜெராக்ஸ் எடுக்கப் போனவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார் போல. ஹாலில் நான் மட்டும். மேலே சீனியர். அவர் இறங்கட்டும், கேட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் ஓடியிருக்கலாம்தான். ஏன் ஓடவில்லை என்று இன்று வரை என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஏழு மணி ஐந்து நிமிஷம்.

டிர்ர்... டிர்ர்... டிர்ர்...

மூன்று.

எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஜன்னலோர நாற்காலி ஒன்று மேஜையை விட்டுத் தள்ளி நின்றது. காலையிலிருந்து அது அப்படித்தான் இருந்ததோ என்னவோ, ஞாபகமில்லை.

பிறகு படி முனகியது.

ஒரு படி... கொஞ்சம் நின்று... அடுத்த படி... மூச்சு வாங்க ஏறுகிற மாதிரி. மேலே போய் நின்றது.

ஒரு பெண் குரல் கேட்டது. மெதுவான குரல், தயங்கித் தயங்கி.

"சார்... நான் கிளம்பட்டுமா?"

ஆபீஸில் என்னையும் டைப்பிஸ்ட்டையும் விட்டால் வேறு பெண் கிடையாது. டைப்பிஸ்ட் தசராவுக்குப் போயிருந்தாள். பின்பக்கம் இரும்புப் படி வழியாக யாராவது கட்சிக்காரர் வந்திருப்பார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். கட்சிக்காரர் எதற்குக் கிளம்ப அனுமதி கேட்க வேண்டும்?

சீனியர் பதில் சொல்லவில்லை.

மாமியார் ஏதாவது அனுப்பியிருக்கிறாரா என்று போனை எடுத்தேன். ரெக்ஸ் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். ரிசப்ஷன் மேடை. மாப்பிள்ளை, பெண், பாஸ்கல்.

பக்கத்தில் சீனியர்.

போட்டு இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

பின்படி வழியாக எப்போதோ இறங்கிக் காரில் போயிருக்கிறார். நான் ஒருத்தி கீழே காத்துக் கிடப்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

அப்படியானால் பெல் அடித்தது யார்...

"சார்... நான் கிளம்பட்டுமா?"

வெளியே கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. அது அடங்கியதும் மறுபடி...

"சார்... நான் கிளம்பட்டுமா?"

ஓட வேண்டும். பையை எடுக்க வேண்டும்.

டிர்ர்... டிர்ர்... டிர்ர்... டிர்ர்...

நாலு.

என் கணக்கு.

இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் கால் எழுந்தது. வேண்டாம் வேண்டாம் என்று மனசு கதறுகிறது, கால் தானாக எழுந்து படியேறுகிறது. ஒன்றரை மாதத்தில் அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள்.

அறை இருட்டு. கதவு பாதி திறந்திருந்தது.

மேஜைக்கு முன்னால் ஒருத்தி நின்றாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சேலை. கறுப்புக் கோட்டு. ஒரு கையில் கேஸ் கட்டு. மறு கையை இடுப்புக்குப் பின்னால் ஊன்றியிருந்தாள். அந்த நிலை எனக்குத் தெரியும். நானும் அப்படி நின்றவள்தான்.

வயிற்றுச் சுமை தாங்காமல் நிற்கிறவள்.

மேஜைக்குப் பின்னால் காலி நாற்காலி. அதைப் பார்த்துத்தான் நின்றாள்.



அவள் திரும்பவில்லை.

"அக்கா... நீங்க போங்க. நான் இருக்கேன்."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செருப்பு எங்கே போனது என்று தெரியாது. ரோட்டில் வந்த முதல் ஆட்டோவை மறித்தேன். கதவைப் பூட்டவில்லை, கம்ப்யூட்டரை அணைக்கவில்லை.

பிள்ளை துவண்டு கிடந்தாள். தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். நூற்று நாலு டிகிரி. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் ஜன்னி கண்டிருக்கும் என்று டாக்டர் என்னைத் திட்டினார். அன்று ராத்திரி முழுக்க பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். பேயை நினைத்து அழவில்லை. ஒரு மனுஷர் உயர்த்திக் காட்டிய உள்ளங்கைக்காக என் பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தேனே என்று அழுதேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காய்ச்சல் இறங்கியது.

திங்கட்கிழமை காலை நாலு பெல் அடித்தது. சொல்லாமல் போனதற்குச் சீட்டு கிழியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

சீனியர் சிரித்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"சனிக்கிழம ஒம்போது மணிக்குக் கண்ணாடிய எடுக்க வந்தேன். மேலேருந்து பாத்தேன், அந்நேரத்துக்கும் உக்காந்து டைப் அடிச்சிட்டு இருந்த. வேலைன்னா இப்பிடித்தான் இருக்கணும்."

ஒன்பது மணிக்கு நான் டாக்டர் வீட்டு வராந்தாவில் இருந்தேன். கீழே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பாதியில் விட்ட மனு கடைசி வரி வரை முடிந்திருந்தது.

செந்தில்முருகனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான் சொன்னதைக் கேட்டு அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். மூன்று பெல் ஜெஸ்லினுடையது என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஜூனியர். ஏழு மாதக் கர்ப்பம். ஒரு சாயங்காலம் வலி கண்டு, மாடி ஏறிப் போய்க் கிளம்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள். உள்ளங்கைதான் பதில். இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மூன்று பெல். சரி, போகச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறியிருக்கிறாள். அவர் ஒரு கட்டைக் கொடுத்துத் திருத்தி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். ரெக்ஸ் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாராம். நீ போ, நான் சொல்லிக்கிடுதேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியெல்லாம் ரத்தம் ஆன பிறகு செந்தில்முருகன்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறார். பிள்ளை தங்கவில்லை. வாயைத் திறந்து தெளிவாகச் சொல்லியிருக்கலாமே என்றாராம் சீனியர்.

"அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியிலயே இறந்துட்டா?" என்று கேட்டேன்.

செந்தில்முருகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இறந்துட்டாவா? யாரு மேடம் சொன்னா? ஜெஸ்லின் மேடம் உயிரோடதான் இருக்காங்க. மணப்பாட்டுல, அவங்க அம்மா வீட்டுல."

டீக்கடையில் நல்ல வெயில். எனக்கு உடம்பெல்லாம் ஜில்லிட்டது.

அன்று மாலை ஐந்தரைக்கு எழுந்து வந்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் போகவில்லை. அதற்கப்புறம் எப்போதும் போகவில்லை. இப்போது வேறொரு சின்ன ஆபீஸில் பாதிச் சம்பளத்துக்கு இருக்கிறேன், லோன் கழுத்தை நெரிக்கிறது.

வேலையை விட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு மணப்பாட்டுக்கு பஸ் ஏறினேன். தனியாகத்தான் போனேன். கதவைத் திறந்தது ஜெஸ்லினின் அம்மா பிளாரன்ஸ். தூத்துக்குடி ஆபீஸில் வேலை பார்த்தவள் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது. ரெண்டு வருஷத்தில் அங்கிருந்து ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே வரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மகள் வாசலைத் தாண்டியதே இல்லையாம். மருமகன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். யாரோடும் பேசுவதில்லை. சில சாயங்காலங்களில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாளாம். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை.

உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, மெலிந்த உடம்பு. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அவளும் என்னைப் பார்த்திருக்க வழியில்லை. என் பெயரைக்கூட நான் அந்த வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பிள்ளை இருப்பதையும் சொல்லவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அதே தயங்குகிற குரலில் கேட்டாள்.

"அக்கா... பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"