பத்தாயமும் ஆகாயமும்

காலியான பத்தாயத்துக்குள், நெல் சேமிக்கும் அந்தப் பெரிய மரப்பெட்டிக்குள், படுத்தால் முதலில் மூக்கில் ஏறுவது நெல்லின் வாசமல்ல, பலாப்பலகையின் வாசம். அதன் பிறகுதான் அடியில் கிடக்கும் உமித்தூசி எழும்பி, தொண்டையில் கரகரப்பாகவும் கழுத்தில் அரிப்பாகவும் இறங்கும். அந்த அரிப்புக்கு எங்கள் பக்கம் "சுணை" என்று பேர். விண்வெளிக்குப் போவதற்காக நான் பட்ட முதல் பாடு அதுதான். என் பள்ளிக்கூடப் படிப்பை நிறுத்தப் பார்த்த சாட்சியும் அதுதான்.

சுசீந்திரத்துக்குக் கிழக்கே, வயல்களை ஒட்டிய ஊர் எங்களுடையது. நான் ஒன்பதாம் வகுப்பு. நடந்தது தையிலா மாசியிலா என்பதில் எனக்கும் தம்பிக்கும் இன்றும் வழக்கு தீரவில்லை. அவன் தை என்கிறான். ஆனால் கன்னிப்பூப் போகத்து நெல் தீர்ந்து பத்தாயத்தின் அடிப்பலகை தெரிந்திருந்தது, அடுத்த போகமான கும்பப்பூ இன்னும் அறுப்புக்கு வரவில்லை, அத்தை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தையில் எங்கள் வீட்டில் புளி இறக்கியதே இல்லை. ஆகவே மாசி.

அந்த மாசியில் அறிவியல் பாடம் நடத்திய தங்கபாய் டீச்சர், செய்தித்தாளின் இணைப்பில் வந்திருந்த ஒரு கட்டுரையை வகுப்பில் உரக்க வாசித்தார். விண்வெளி வீரர் ஆக விரும்புகிறவர்கள் கணக்கிலும் இயற்பியலிலும் தேற வேண்டும், நன்றாக நீந்த வேண்டும், எவ்வளவு சுற்றினாலும் தலை கிறங்கக் கூடாது, மூடிய சிறு இடத்தில் தனியாகப் பயமும் எரிச்சலும் இல்லாமல் இருந்து பழக வேண்டும். குளத்தில் இறங்க வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் அனுமதி இல்லை. முற்றத்தில் சுற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "பிள்ளைக்கு என்னமோ ஏறியிருக்கு, மந்திரிச்சுக் கெட்டுங்க" என்று சொல்லிப் போனாள். மிச்சமிருந்தது மூடிய இடம். வீட்டின் உள்ளறையான "அரங்கில்", ஆள் நீட்டிப் படுக்கும் நீளத்தில் பத்தாயம் காலியாகக் கிடந்தது.

விடுமுறை நாட்களில், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயரும் நேரத்தில், மூடி முழுக்க அடையாதபடி ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டை இடுக்கில் வைத்துவிட்டு உள்ளே படுத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு காரியத்தைச் சொல்லிச் செய்தால் சிரிப்பார்கள், சொல்லாமல் செய்தால் சந்தேகப்படுவார்கள். சிரிப்பைவிடச் சந்தேகம் மேல் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.

சந்தேகத்துக்கென்றே பிறந்தவள் அத்தை, அப்பாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு எங்களோடு இருந்தாள். பால்காரன் முகத்துக்கு நேரே பாலை விரலில் தொட்டுப் பார்ப்பாள். பஞ்சாங்கத்தில் அமாவாசை என்று போட்டிருந்தாலும் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் விரதம் இருப்பாள். அவள் கண்ணில் என் கழுத்துத் தடிப்பும், தலைமுடியில் ஒட்டியிருந்த உமியும் படாமல் போகுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே கிடக்கும்போது அரங்கின் கதவு திறந்தது. புளிக்கூடையை வைக்கும் சத்தம். பிறகு என் தலைக்கு மேலே பலகை முனகியது. அத்தை பத்தாயத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி கோமதி, இங்க வா," என்று அம்மாவைக் கூப்பிட்டாள். "ஒனக்க மவ மத்தியானம் ஆனா எங்க போறாண்ணு கேட்டியா?"

"படிக்கப் போறாண்ணுல்லா நெனச்சேன், மைனி."

"படிக்கப் போற பிள்ளைக்கு மண்டையில எதுக்குட்டி உமி? வைக்கப்படப்புக்குப் பின்னால ஏதோ நடக்கு. எவனோ ஒருத்தன் நிக்கான். முழுப்பரீட்சை முடியட்டும், நிறுத்திருவோம். எனக்க தம்பிகிட்ட நான் பேசிட்டேன்."

அம்மாவும் புளியில் கொட்டை எடுக்க உட்காரும் சத்தம் கேட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒன்றுக்குச் சம்மதித்துவிட்டால் அம்மா கைவேலைக்குத் திரும்பிவிடுவாள். அப்போது சிரட்டை நொறுங்கி மூடி அடைந்தது. இருட்டுக்கு நான் பழகியிருந்தேன். ஆனால் படிப்பு போய்விட்டால் இந்த இருட்டில் பழகி என்ன பயன்?

"அத்தே," என்றேன், "கொஞ்சம் எழும்புங்க."

அத்தை எழுந்ததை நான் பார்க்கவில்லை. புளியும் கொட்டையும் அரங்கு முழுக்கச் சிதறிக் கிடந்ததைத்தான், அம்மா மூடியைத் தூக்கிய பிறகு பார்த்தேன். அத்தை கதவோரம் நின்று, வந்தது யட்சியா தம்பி மகளா என்று இன்னும் தீர்மானிக்காமல் இருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேலே போகப் பழகுகிறேன் என்றேன்.

"பெட்டிக்குள்ள படுத்து மேல போறதா? யாரு சொன்னா?"

"தங்கபாய் டீச்சர்."

அத்தையின் முகம் தெளிந்தது. வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்ற எவனோ அந்த நொடியே மறைந்து, அவன் இடத்தில் டீச்சர் வந்து நின்றுவிட்டார். "பாத்தியா கோமதி. பெட்டியில வச்சு மேல அனுப்புகது வேதக்காரங்க வழக்கமில்லா? பிள்ளைய வேதத்துல சேக்கப் பாக்கா." எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களுக்கு வேதக்காரர் என்று பேர், டீச்சர் அவர்களில் ஒருவர், இறந்தவரைப் பெட்டியில் வைப்பதும் அவர்கள்தான்.

மறுநாள் என்னை முன்னால் நடக்கவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஆசிரியர் அறை வாசலில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்: "டீச்சரே, எங்க பிள்ளைய மேல அனுப்பப் பாக்கியளாமே?"

டீச்சர் என் கழுத்தைப் பார்த்தார், கதையைக் கேட்டார், சிரிக்கவில்லை. "நான் சொன்னது பரலோகம் இல்லக்கா. விண்வெளி."

"ரெண்டும் மேலதான இருக்கு. என்ன வித்தியாசம்?"

"இதுல திரும்பி வரணும்."

அத்தை பாலைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்தச் சொல்லை யோசித்தாள். "போறதுக்குப் பெட்டிக்குள்ள கெடக்கணும், சரி. திரும்பி வாறதுக்கு என்ன படிக்கணும்?"

"கணக்கு."

"கணக்குண்ணா படிக்கட்டும்," என்றாள். அவ்வளவுதான். அன்று மாலை அப்பாவிடமும் அவளே பேசினாள். ஆனால் அடுத்த விடுமுறையில் பத்தாயத்தில் பூட்டு தொங்கியது. படப்புப் பக்கமும் தினம் ஒரு முறை நடந்து பார்த்துவந்தாள்.

நான் விண்வெளிக்குப் போகவில்லை. நாகர்கோவிலில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். நெல் இப்போது இயந்திரத்திலிருந்து நேராக லாரிக்குப் போகிறது. பத்தாயத்தைக் கறையான் தின்றுவிட்டது என்கிறான் தம்பி. பலாப்பலகையைக் கறையான் அவ்வளவு எளிதில் தொடாது. மார்த்தாண்டத்தில் எந்தக் கடைக்கு விற்றான் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. வைக்கோற்படப்பு நின்ற இடத்தில் வீடுகள் வந்துவிட்டன.

ராக்கெட் கிளம்புவதை வகுப்பில் பிள்ளைகள் கைபேசியில் காட்டி, "டீச்சர், நம்ம ஆளு போறாரு" என்பார்கள். நான் அதற்குக் கைதட்டுவதில்லை. கலம் இறங்கி, மூடி திறந்து, உள்ளே கிடந்தவர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குவதைப் பார்க்கும்வரை எனக்கு நம்பிக்கை வராது. இந்தச் சந்தேகம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அத்தையும் ஒரு மாசியில்தான் மேலே போனாள். அவளுக்குக் கணக்கு தெரியாது.